வெந்நீருக்கு முன்

அந்த வட்டாரத்தில் லிஃப்ட்காரர் என்றால் அவர் ஒருவர்தான். இருபத்திரண்டு கட்டடங்கள், முப்பத்தொரு லிஃப்டுகள். எது எந்த மாடியில் முனகும், எதன் கதவு மழைக்காலத்தில் அடம்பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சாதுவான மனிதர்தான். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். லிஃப்ட் நின்றுபோனால், அவர் வருவதற்குள் யாரும் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுவிடக் கூடாது. மோட்டார் அறையிலிருக்கும் பெட்டிக்குள் ஒரு சின்னப் பலகை உண்டு. எது கெட்டிருக்கிறதோ அதற்கான எண் அதில் எரியும். மெயினை அணைத்தால் எண் அழிந்துவிடும், லிஃப்டும் ஒன்றுமே நடக்காதது போல ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் கோளாறு என்னவென்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் எல்லா மோட்டார் அறைக் கதவிலும் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார்: 'நின்றால் கை வைக்காதீர்கள். அப்படியே விட்டுவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள்.'

இப்படி ஊருக்கெல்லாம் உபதேசம் ஒட்டி வைத்திருந்தவர் தன் வீட்டில் ஆறு வாரமாகச் செய்துகொண்டிருந்ததைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். அவருக்கு வரவில்லை.

மகளுக்கு நாலரை வயது. வீட்டில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பட்டம். வருஷத்துக்கு ஒரு முறை லிஃப்டுகளைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டருக்கு அவர் பயப்படுவார். அதற்கு அடுத்தபடியாக இவளுக்கு. மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் கருவிப் பையைத் திறந்து தரையில் வைக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர்கள் சின்னதிலிருந்து பெரியதாக வரிசையில் இருக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பாள். பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து, அன்றைய பக்கத்தின் அடியில் பேனாவால் ஒரு சுழி போடுவாள். அதுதான் கையெழுத்து. சுழி விழாவிட்டால் அப்பாவுக்குச் சாப்பாடு கிடையாது.

மனைவிக்கு ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை. ஆறு மணிக்கு ஷிஃப்ட். குழந்தை கண் விழிக்கும்போது அம்மா வீட்டில் இருக்கமாட்டாள். எழுப்புவது, பல் தேய்த்துவிடுவது, குளிப்பாட்டுவது, பள்ளியில் கொண்டுபோய் விடுவது எல்லாம் அவர் பாடு. காலை நேரத்து மகளை அவர் ஒருவர்தான் பார்த்தார். இந்தக் கதைக்கு அதுதான் முக்கியம்.

ஒரு நாள் காலை அவள் கட்டிலிலிருந்தே கூப்பிட்டாள்.

"அப்பா, கால் பூட்டிக்கிச்சு."

இடது முழங்கால் மடங்கினபடியே இருந்தது. நீட்டப் பார்த்தால் முகத்தைச் சுளித்தாள். தொட்டுப் பார்த்தார். லேசாகப் பொதபொதவென்று இருந்தது, கொஞ்சம் சூடாகவும் இருந்தது. காலை மடக்கி வைத்துக்கொண்டே தூங்கிவிட்டாள் போல என்று நினைத்தார். துவாலையை வெந்நீரில் முக்கிப் பிழிந்து முழங்காலில் சுற்றினார். ஆறியதும் மறுபடி முக்கினார். பிறகு குளியல் தொட்டியில் உட்கார வைத்து, வெதுவெதுப்பான தண்ணீருக்குள் காலை மெல்ல நீட்டி மடக்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் கால் இளகியது. அவள் எழுந்து ஈரக் காலோடு கூடத்துக்கு ஓடினாள்.

"சாவி போட்டாச்சு!" என்று கத்தினாள்.

அன்றிலிருந்து அந்தத் துவாலைக்குச் சாவி என்று பெயர் விழுந்தது.

மறுநாளும் பூட்டிக்கொண்டது. அதற்கு மறுநாளும். இரண்டாவது வாரத்தில் அவர் அரை மணி நேரம் முன்னதாகவே எழ ஆரம்பித்தார். அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே போர்வையை விலக்கித் துவாலையைச் சுற்றிவிடுவார். அவள் கண் திறக்கும்போது பாதிப் பூட்டு திறந்திருக்கும். தொட்டியில் இன்னும் பத்து நிமிஷம் போனால் முழுசும் சரி. பிள்ளைக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று அவருக்குள்ளே கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மனைவியிடம், "காலைல கொஞ்சம் கால் வலிங்கறா" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

"நாள் பூரா குதிச்சா வலிக்காம என்ன செய்யும்? நீங்க கொஞ்சறதுதான் அவளுக்குப் பாதி வலி" என்றாள் அவள். அவள் மேல் தப்பில்லை. மதியம் ஷிஃப்ட் முடிந்து போய் அழைத்துவரும்போது பள்ளி வாசலில் அவள் பார்ப்பது, ஒற்றைக் காலில் நொண்டி விளையாடும் பெண்ணைத்தானே.

பூசி மெழுகினது எத்தனை நாள் நிற்கும்? மூன்றாவது வாரம் பள்ளியிலிருந்து டீச்சர் மனைவிக்குப் போன் செய்தார். மத்தியானம் தூங்கி எழுந்ததும் குழந்தை காலை இழுத்து இழுத்து நடக்கிறாள், கவனித்தீர்களா என்று கேட்டார். அன்று சாயங்காலமே மனைவி அவளை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். பக்கத்துத் தெரு டாக்டர் முழங்காலை அழுத்திப் பார்த்து, ரத்தப் பரிசோதனையும் செய்துவிட்டு, குழந்தைகளின் மூட்டு நோய்களைப் பார்க்கும் டாக்டரம்மாவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே பதினோரு மணிக்கு நேரம் கிடைத்தது. அன்று காலையும் அவர் வழக்கம்போல வெந்நீர் வைத்தார். டாக்டரைப் பார்க்கப் போகிற பிள்ளை சுத்தமாக, அழாமல் போக வேண்டாமா? அன்றைக்குக் கூடுதலாக ஒரு சுற்று ஒத்தடம் வேறு. பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இன்ஸ்பெக்டர் தரைக் கட்டங்களை ஒன்று விட்டு ஒன்று தாண்டிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா நிதானமான மனுஷி. காலை நீட்டினார், மடக்கினார், இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"இடது பக்கம் லேசா வீக்கம் இருக்கு. ரத்தத்துல ஒரு அளவு கொஞ்சம் ஏறியிருக்கு, ஆனா சளி பிடிச்சாக்கூட அது ஏறும். காலைல எழுந்ததும் கால் எவ்வளவு நேரம் இறுக்கமா இருக்கு?"

"ஒரு பத்து நிமிஷம் இருக்கும், டாக்டர்" என்றார் அவர்.

பொய் என்று சொல்ல முடியாது. அவர் கண்ணால் பார்த்தது பத்து நிமிஷம்தான். டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார். வெந்நீரைப் பற்றி அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவதெல்லாம் டாக்டரிடம் சொல்கிற சமாசாரமா என்று பின்னால் தனக்குத் தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார். உண்மையில், அந்தக் கேள்வி வந்த நொடியிலேயே, பதில் பெரிதாக இருந்தால் நோயும் பெரிதாக இருக்கும் என்று அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"ஆர்த்ரைட்டிஸா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "பத்து நிமிஷம்தான்னா அவசரப்பட வேண்டாம். ஒரு மாசம் கழிச்சு வாங்க."

"நாலரை வயசுலயா டாக்டர்? அது வயசானவங்களுக்கு வர்றதில்லையா?" என்று மனைவி கேட்டாள்.

"குழந்தைங்களுக்கும் வரும்மா. சீக்கிரம் கண்டுபிடிச்சா நல்லா கட்டுப்படுத்தலாம். விட்டுட்டாதான் மூட்டு கெட்டுப்போகும்."

இரண்டு 'இருக்கலாம்'களில் இரண்டாவதை மனைவி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு முதலாவது மட்டும்தான் காதில் விழுந்துகொண்டே இருந்தது. கைபேசியில் தேடக் கூடாததையெல்லாம் தேடிப் பார்த்தார். லிஃப்டுக்குள் வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு முழங்காலையே பார்த்தார். ஒரு கல்லூரிப் பெண், "என்ன சார் வேணும்?" என்று முறைத்தபின்தான் சுயநினைவு வந்தது.

ஆனாலும் வெந்நீரை விடவில்லை. பெற்ற பிள்ளை கூப்பிட்டால் எப்படி விடுவது?

அந்தச் சமயத்தில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. தினமும் காலை ஒன்பதரைக்கு லிஃப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுவிடுகிறது என்று புகார். இவர் போய்ப் பார்த்தால் சமர்த்தாக ஓடும். பெட்டியில் எண் எதுவும் இருக்காது. மூன்று தடவை வெறுங்கையோடு திரும்பினார். நாலாவது தடவை ஒன்பதேகாலுக்கே போய் மொட்டைமாடி மோட்டார் அறையைத் திறந்தால், உள்ளே கட்டடத்தின் செயலாளர் அம்மா மெயின் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"வந்துட்டீங்களா லிஃப்ட்காரரே! இன்னிக்கு முன்னாடியே நின்னுடுச்சு. கவலைப்படாதீங்க, சரி பண்ணிட்டேன்" என்றார் சிரித்த முகமாக.

அவருக்கு வந்ததே கோபம். "கதவுல எழுதி ஒட்டியிருக்கேனே, படிக்கலையா? நீங்க தினமும் சரி பண்ணிப் பண்ணித்தான் கோளாறு என்னன்னே எனக்குத் தெரியாமப் போச்சு! நல்லது பண்றதா நினைச்சுக்கிட்டு மறைச்சுக்கிட்டே இருந்திருக்கீங்க!"

செயலாளர் அம்மா ஒன்றும் அசரவில்லை. "நாலாவது மாடில என் தம்பி சக்கர நாற்காலில உட்கார்ந்திருக்கான். பத்து மணிக்கு வேலைக்குப் போகணும். உங்களுக்குப் போன் போட்டு, நீங்க வந்து பார்க்கிற வரைக்கும் அவன் என்ன பண்ணுவான்? சொல்லுங்க. கண்ணு முன்னாடி தவிக்கிறவனை விட்டுட்டு உங்க எண்ணை நான் காப்பாத்தணுமா?"

  லிஃப்ட்காரருக்குத் தான் சற்றுமுன் கத்தியது இப்போதுதான் காதில் விழுந்தது. அப்படியே வெளியே வந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, தண்ணி வேணுமா?" என்று அந்த அம்மா பயந்துபோய்க் கேட்டார்.

"வேணாம்மா. நாளைக்கு ஒரே ஒரு நாள் தொடாம விடுங்க. உங்க தம்பியை நான் தூக்கிட்டு இறங்கறேன்."

சொன்னபடி மறுநாள் வந்தார். லிஃப்ட் நின்றது. யாரும் தொடவில்லை. தம்பியை முதுகில் சுமந்துகொண்டு நாலு மாடி இறங்கினார். தம்பி நல்ல கனம். சாப்பாட்டுப் பை வேறு இவர் கழுத்தில் இடித்துக்கொண்டே வந்தது. "மெதுவா, அவசரமில்ல" என்று மாடிக்கு மாடி சொல்லிக்கொண்டே வந்தார் தம்பி. திரும்ப ஏறிப்போய்ப் பெட்டியைத் திறந்தால் பலகையில் எண் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. கதவை இயக்கும் ரிலே சுவிட்ச் கெட்டிருந்தது. அரை மணி வேலை.

அன்று சாயங்காலம் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். துவாலை, தொட்டி, அரை மணி முன்னதாக எழுவது, டாக்டரிடம் சொன்ன பத்து நிமிஷம்.

அவள் குழாயை மூடினாள்.

"ஆறு வாரமாவா?"

"ம்."

"என்கிட்டக்கூடச் சொல்லணும்னு தோணலையா? நான் என்னமோ அவ நடிக்கிறான்னு நினைச்சு, நேத்துக்கூட 'ஒழுங்கா நட'ன்னு அதட்டினேனே!" அவள் கண்ணில் நீர் முட்டியது. "வெந்நீர் இல்லைன்னா எவ்வளவு நேரம் இருக்கும்?"

"தெரியாது" என்றார்.  ஆறு வாரமாக மகளின் காலைத் தன் கையில் வைத்திருந்தவருக்கு அது தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கெஞ்சிக் கூத்தாடி, வியாழக்கிழமை எட்டு மணிக்கு, டாக்டரம்மா பார்க்கும் முதல் ஆளாக நேரம் வாங்கினார். மனைவி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஏழு அஞ்சுக்கு அவள் கண் விழித்தாள். அம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எழப் பார்த்தாள். முடியவில்லை.

"அப்பா, சாவி."

"இன்னிக்குச் சாவி கிடையாதுடா கண்ணு. டாக்டர் கிட்டப் போயிட்டு வந்து போடலாம்."

அவளுக்குப் புரியவில்லை. "பூட்டியிருக்குப்பா" என்று விளக்கமாகச் சொன்னாள், அப்பாவுக்குத்தான் விஷயம் தெரியாது போல. பிறகு கையை நீட்டினாள். பிறகு அழுதாள். மடங்கினபடியே நின்றுபோன அந்தக் காலை மனைவி முதன்முதலாகப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் மகளை இரவு உடுப்போடு அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். நாலு மாடி சுமந்த ஆளைவிட இந்தப் பதினாறு கிலோ கனத்தது.

டாக்ஸியில் ஜன்னல் வழியாக வெயில் வந்தது. அவள் காலை வெயில் பக்கம் நகர்த்தினாள். அவர் திருடனைப் போல அதை நிழலுக்கு இழுத்தார். இழுத்த கை பழக்கதோஷத்தில் முழங்காலைத் தேய்க்கப் போனது. மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வரும்வரை விடவே இல்லை.

டாக்டரம்மாவிடம் அவரே ஆரம்பித்தார். "போன தடவை தப்பாச் சொல்லிட்டேன், டாக்டர். பத்து நிமிஷம் இல்ல. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து நான்தான் தினமும் சரி பண்ணிட்டிருந்தேன். இன்னிக்குக் கை வைக்கலை. அப்படியே கொண்டுவந்திருக்கேன்."

டாக்டரம்மா பழைய சீட்டில் எழுதியிருந்த பத்து நிமிஷத்தை அடித்தார். பிறகு மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்று, தன் டார்ச் விளக்கை நீட்டினார். "இங்க வந்து வாங்கிக்கோ பார்க்கலாம்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இடது குதிகால் தரையில் படவில்லை. நாற்காலியிலிருந்து மேஜை, மேஜையிலிருந்து டாக்டரின் கோட்டு. ஆறே அடி தூரம். பிடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்தாள். 

"எதுவும் பண்ணாதீங்க. இங்கேயே உட்காருங்க. தானா எப்ப இளகுதுன்னு பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா.

லிஃப்ட்காரர் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, 'விழித்தது 7.05' என்று எழுதினார். தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து மூன்று பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். எட்டரை. இன்னும் நொண்டல். எட்டே முக்கால். கொஞ்சம் நீட்ட முடிந்தது. இருபது நிமிஷத்தில் சரியாகிவிடட்டும் என்று மனைவி காலையில் வேண்டிக்கொண்டிருந்தாள். அது எப்போதோ தாண்டிப்போயிருந்தது. ஒன்பது மணிக்கு ஒரு பையன் பந்தை உருட்டிக்கொண்டு போனான். மகள் எழுந்து நாலு அடி வைத்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டாள். அந்த நாலு அடியைப் பார்ப்பதற்கு அவர் செத்துப் பிழைத்தார். ஒன்பது இருபதுக்குத்தான் அவள் தானாக எழுந்து, யாரையும் பிடிக்காமல், தண்ணீர் குடிக்கப் போனாள்.

இரண்டேகால் மணி நேரம். பத்து நிமிஷம் என்று சொல்லியிருந்தார்.

"அனேகமா ஆர்த்ரைட்டிஸ்தான்" என்றார் டாக்டரம்மா. "இன்னும் ரத்தப் பரிசோதனை இருக்கு, மூட்டை ஸ்கேன் பண்ணணும். கண்ணையும் காட்டணும், இது சில குழந்தைங்களுக்குச் சத்தமில்லாம கண்ணைப் பாதிக்கும். அதுக்கப்புறம்தான் உறுதியாச் சொல்வேன். மருந்து இருக்கு. பயப்படாதீங்கன்னு சொன்னா நீங்க கேட்கப்போறதில்ல, ஆனா இப்பவே வந்தது நல்லது."

"வெந்நீர் வச்சுத் தப்புப் பண்ணிட்டேனா, டாக்டர்?"

"வெந்நீர் நல்லதுதான். தினமும் பண்ணுங்க. ஆனா அதுக்கு முன்னாடி எப்படி இருக்குன்னு பார்த்து, எழுதி வச்சு, எனக்குக் கொண்டு வாங்க. எனக்குக் காலைல உங்க வீட்டுல கண்ணு இல்ல. நீங்கதான் கண்ணு."

டாக்டரம்மா குழந்தையிடம் குனிந்தார். "காலைல உனக்கு வலி வந்தா யார் சரி பண்றது?"

"அப்பா" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னிக்குப் பண்ணல" என்றாள்.

அன்று முழுக்க அவள் அப்பாவோடு பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் அம்மாவைப் பார்த்துப் பதில் சொன்னாள். மாலையில் அவர் கருவிப் பையைத் திறந்து தரையில் வைத்தார். ஸ்க்ரூ டிரைவர்களை வேண்டுமென்றே கலைத்துப் போட்டு வைத்தார். அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குறிப்புப் புத்தகத்தின் வியாழக்கிழமைப் பக்கத்தில் சுழி இல்லை. நாலரை வயதுப் பிள்ளையின் கோபத்துக்கு ஒரு பெரிய மனிதர் இப்படி உடைந்துபோவாரா என்று கேட்டால், போனார். பையை மூடாமலே வைத்துவிட்டுக் குளியலறையில் போய் முகம் கழுவினார், இரண்டு தடவை.

மனைவி அவளை மடியில் போட்டுக்கொண்டு என்னென்னவோ சொன்னாள். டாக்டருக்குப் பூட்டைக் காட்டினால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும், அப்பாவுக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது என்றெல்லாம். அவள் கேட்டாளா, காதில் வாங்காமல் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாளா என்று தெரியவில்லை.

மறுநாள் மனைவி வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டாள். அவர் வெந்நீரையும் துவாலையையும் தயாராக வைத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தார். இந்த முறை போர்வையைத் தொடவில்லை. ஏழு மணிக்கு அவள் விழித்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு பாத்திரத்திலிருந்து எழும் ஆவியைப் பார்த்தாள். கால் பூட்டியிருந்தது, அது அவள் முகத்திலேயே தெரிந்தது. கண் ஓரத்தில் நீர் திரண்டுகொண்டிருந்தது.

அவர் நெஞ்சு தாங்கவில்லை. டாக்டரம்மா சொன்னதெல்லாம் பறந்துபோயிற்று. துவாலையை எடுத்து வெந்நீரில் முக்கினார்.

அவள் அவர் கையைத் தள்ளினாள்.

அம்மாதான் வேண்டும் என்று சொல்லப்போகிறாள் என்று அவர் நினைத்தார். அவள் வலியோடு ஒருக்களித்து, அவருடைய சட்டைப்பைக்குள் கை விட்டு, குறிப்புப் புத்தகத்தை உருவி எடுத்து நீட்டினாள்.

"முதல்ல எழுது" என்றாள் இன்ஸ்பெக்டர்.

அவர் எழுதினார். அவசரத்தில் ஏழு மணி என்பது ஒன்பது மாதிரி விழுந்தது. அடித்துவிட்டுத் திரும்ப எழுதினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள். பேனாவை வாங்கிக் கீழே ஒரு சுழி போட்டாள்.

"இப்ப சாவி போடு."